குளத்தில் பிறந்த காலுறை

தூத்துக்குடிக் கடலின் முத்துப் பார்களில் முத்துக் குளித்தவர்கள் கல்லில் காலை ஊன்றி 8, 10 பாகம் இறங்குவார்கள். ஆழம் போகப் போகத் தண்ணீர் உடம்பை நெருக்குவது அவர்களுக்குப் பழகிய சங்கதி. அந்த நெருக்கத்தையே ஒருவர் காலுறையாக்கினார்.

கான்ராட் ஜோப்ஸ்ட், அமெரிக்காவின் டொலீடோ நகரத்துப் பொறியாளர். சிரைக் கோளாறால் காலில் ஆறாத புண். நீச்சல் குளத்தில் நிமிர்ந்து நின்றால் வலி தணிவதைக் கவனித்தார். ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீர் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தும். மேலே வர வரக் குறையும். அதே போலக் கணுக்காலில் அதிகமாகவும் தொடையில் குறைவாகவும் இறுக்கும் உறையை 1950 வாக்கில் உருவாக்கினார்.

சிரை நோய்க்கென்று பிறந்த இந்த உத்தி, பிறகு லிப்பெடிமா உள்ள பெண்களுக்கும் கைகொடுத்தது. 1940-இல் மேயோ கிளினிக்கின் ஆலனும் ஹைன்ஸும் பெயரிட்ட நோய் அது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி கொழுப்பு சேரும், அழுத்தினால் வலிக்கும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும். பூப்பு, பிள்ளைப்பேறு, மாதவிடாய் நிற்கும் காலம் என்று உடம்பு மாறும் சமயங்களில் பெரும்பாலும் தலைகாட்டும். பட்டினி கிடந்தாலும் கால் இளைக்காது. வீட்டில் "வாயைக் கட்டு" என்பார்கள். வெளியில் யானைக்காலோ என்று பார்ப்பார்கள். இரண்டும் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

யானைக்காலா இதுவா என்று பிரித்தறிய, மெட்டி போடும் விரலைப் பாருங்கள். யானைக்காலில் பாதமும் விரலும் சேர்ந்து வீங்கும்; மெட்டியைக் கழற்றவே பாடு. லிப்பெடிமாவில் பருமன் கொலுசு கிடக்கும் இடத்தோடு நின்றுவிடும், பாதம் மெலிந்தே இருக்கும், மெட்டி எப்போதும் போலச் சுழலும். இரண்டாம் விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்க வருகிறதா என்றுதான் மருத்துவரும் பார்ப்பார். அது ஸ்டெம்மர் சோதனை. நாள்பட்ட லிப்பெடிமாவில் நிணநீரும் தேங்கிப் பாதம் வீங்கலாம் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

காலுறை கொழுப்பைக் கரைக்காது. வலியையும் கனத்தையும் குறைக்கும், நடமாட விடும். நடை நின்றால்தான் பாதிப் பிரச்சினை. நம்மூர் வெக்கையில் நாள் முழுக்கப் போடுவது லேசில்லை, புழுக்கத்தில் தோல் அரிக்கும். ஆனாலும் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்காமல், காலையில் வீக்கம் ஏறுமுன் அளவெடுத்துத் தைத்ததைப் போட்டால் தாங்க முடிகிறது. சர்க்கரை நோயோ தமனி அடைப்போ இருப்பவர்கள், காலில் ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்த பிறகே போட வேண்டும். வலி அடங்காதவர்களில் சிலருக்கு, அந்தக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு.