மோரி குளத்து நிழற்படம்

ஒரு நிழற்படம் நம் முன் இருக்கிறது. நீச்சல் குளம், நடுவே இளைஞர் ஒருவர், அவரைச் சூழ்ந்து பழங்குடிச் சிறுவர்கள். கோடையில் குளித்துக் களிக்கும் பிள்ளைகளின் படம், இதில் என்ன வியப்பு என்று கேட்கத் தோன்றும். அந்தப் பிள்ளைகள் அத்தண்ணீரில் இறங்குவதற்கு ஒரு போராட்டமே நடந்தது, தோழர்களே!

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்சு மாநிலத்தின் வடபகுதியில் உள்ள நாட்டுப்புற நகரம் மோரி. 1895-ல் தோண்டிய ஆழ்குழாயிலிருந்து வெந்நீர் தானே பீறிட்டு வந்தது. அதைக் கொண்டு நீராடுதுறை அமைத்தனர். காமிலராய் மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்த மண்ணின் அடிவயிற்றுத் தண்ணீர் அது. ஆனால் 1955-ல் நகர் மன்றத்தார் கூடி, அம்மக்கள் அதில் இறங்கலாகாது எனத் தீர்மானம் நிறைவேற்றினர்!

விதிவிலக்கும் உண்டு. பள்ளி நேரத்தில், வகுப்போடு வரும் பழங்குடிப் பிள்ளைகள் நீந்தலாம். மணி அடித்துப் பள்ளி விட்டதும் வெளியேறிவிட வேண்டும். பகலெல்லாம் தீட்டில்லாத தோல், மாலையில் எப்படித் தீட்டாயிற்று? குளத்தையும் கிணற்றையும் காட்டி மனிதனை விலக்கிய நாட்டில் பிறந்த நமக்கு இந்த விந்தைக் கணக்கு புதிதன்று.

1965 பிப்ரவரி. அங்கே அது கோடைக்காலம். சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் ஏறத்தாழ முப்பதுபேர் ஒரு பேருந்தில் புறப்பட்டனர். தலைவர் சார்லசு பெர்க்கின்சு. அவரே பழங்குடியினர், கால்பந்து வீரர், மாணவர். அமெரிக்காவில் 1961-ல் நிறவெறியை எதிர்த்து நடந்த விடுதலைப் பயணமே அவர்களுக்கு முன்மாதிரி. வால்கெட் நகரில், போரில் தொண்டாற்றிய பழங்குடியினரையே சேர்க்க மறுத்த முன்னாள் படைவீரர் மன்றத்தின் முன் நின்று கேள்வி கேட்டனர். அந்நகரை விட்டுச் சென்ற இரவில், ஒரு வாகனம் பேருந்தைச் சாலையினின்று ஒதுக்கித் தள்ளியது.

அடுத்து மோரி. குடியிருப்பிலிருந்து பிள்ளைகளை அழைத்துச் சென்றனர், வாயிலில் வாதாடினர், பிள்ளைகள் உள்ளே சென்றனர். வெற்றி என்று எண்ணிப் பேருந்து நகர்ந்தது. நகர்ந்த கையோடு தடை திரும்பி வந்தது! பெரும்பாலோர் இத்தகைய இடத்தில் அறிக்கை விட்டு அமைதியடைவர். இவர்கள் திரும்பி வந்தனர். பிப்ரவரி 20 அன்று நூற்றுக்கணக்கானோர் குளத்தின் முன் திரண்டனர். முட்டைகளும் தக்காளிகளும் பறந்தன, வசைமொழிக்குக் கணக்கில்லை. மணிக்கணக்கில் மாணவர்கள் அசையவில்லை. இறுதியில் கதவு திறந்தது; தீர்மானத்தை நீக்க முயல்வதாக வாக்குறுதியும் கிடைத்தது.

இத்தனையும் ஊர்ப்பேச்சாக மங்கியிருக்கும். ஆனால் செய்தியாளர் உடன் இருந்தனர், வானொலிக்கு ஒலி பதிவாயிற்று, படம் எடுக்கப்பட்டது. "எங்கள் ஊரில் பாகுபாடே இல்லை" என்று பேசிவந்தவர்களுக்கு நகரத்து மக்கள் காலை ஏட்டில் விடை கண்டனர். ஆயினும் படத்துக்கு ஒரு குறை உண்டு என்போம். குளத்துச் சிரிப்பு அதில் இருக்கிறது. வாயிலில் வீசிய முட்டை இல்லை. பேருந்து போனபின்னும் அதே ஊரில் வாழ வேண்டியிருந்த தாய்மார்களின் நெஞ்சுரமும் இல்லை.

பெர்க்கின்சு 1966-ல் பட்டம் பெற்றார். 1967 மே 27 அன்று, பழங்குடியினரை மக்கள்தொகைக் கணக்கிலிருந்து விலக்கிய அரசியல் சட்டத் தொடரை நீக்க, வாக்காளரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஒப்புதல் அளித்தனர். மோரி நீராடுதுறை 2013-ல் தேசிய மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெந்நீரின் சிறப்புக்காக அன்று. அந்த வாயிலில் நடந்ததற்காக.