துண்டு, தகடு, பாஸ்போர்ட்

முதல் உலக யுத்தம்தான் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தது என்பது பரவலான எண்ணம். ஸ்டெஃபான் ஸ்வைக் தன் நினைவுக் குறிப்புகளில், 1914க்கு முன் பாஸ்போர்ட் என்ற ஒன்றைக் கண்ணால் காணாமலேயே இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வந்ததைச் சொல்கிறார். யுத்தத்துக்குப் பின் மனிதன் தன்னைக் குற்றவாளியைப் போல நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று என்ற அவருடைய துக்கம் நிஜமானது. ஆனால் அது கப்பலின் மேல்தளத்துத் துக்கம். கீழ்த்தளத்தில் போனவர்களுக்குக் காகிதம் முன்பே வந்துவிட்டிருந்தது.

1834இல் மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நேட்டால் போய்ச் சேர்ந்தது. இவ்விதம் போனவர்களுக்கென்று ஒரு சீட்டு ஏற்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம். கீழே வைத்தியரின் கையெழுத்து; குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற உத்தியோகஸ்தரின் கையெழுத்து. பிற்காலத்துப் பாஸ்போர்ட்டில் உள்ள அங்க அடையாளங்கள் அனைத்தும் இதிலேயே இருக்கின்றன. மேல்தளத்துப் பிரயாணியிடம் கேட்கக் கூச்சப்பட்டதை அரசாங்கம் கூலியிடம் கூச்சமில்லாமல் கேட்டுப் பழகிக்கொண்டது என்று எனக்குப் படுகிறது.

இதை வெறும் கொடுமை என்று எழுதிவிடுவது சுலபம். அந்தச் சீட்டுக்கு இரண்டு முகங்கள். ஆள்பிடிப்பவன் ஏமாற்றி இழுத்து வரவில்லை, இவன் சம்மதித்தே வருகிறான் என்பதை அது உறுதிப்படுத்த வேண்டும். அதே சமயம், ஓடிப்போனால் பிடித்துவர அடையாளமும் தர வேண்டும். பாதுகாப்பும் கயிறும் ஒரே தாளில். இந்த இரட்டைத்தன்மை பாஸ்போர்ட்டை விட்டு இன்றுவரை நீங்கவில்லை.

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது கங்காணி முறை. அங்கே காகிதம் வேறு உருவம் எடுத்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் தகடு ஒன்றைக் கூலி தன்னோடு வைத்திருக்க வேண்டும். அதைக் கண்டால் எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டியவன், வழிச்செலவு யார் கணக்கில் என்று தெரிந்துவிடும். சரக்கு மூட்டைக்கு இடும் குறிக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. தோட்டத்தை விட்டுப் போவதற்குத் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. இன்ன கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சிறு காகிதம். துண்டோடு ஆட்களும் கைமாறினார்கள். கடனும் கூடவே போயிற்று. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இங்கிலீஷ் அறிக்கைகளிலும் ‘துண்டு’ என்ற தமிழ்ச் சொல்லே ஏறியிருக்கிறது. உலகப் பிரயாணப் பத்திரங்களின் சரித்திரத்துக்கு நம் மொழி கொடுத்த சொல் அதுதான் போலும்.

இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் 1920இல் வந்தது. அது நாட்டுக்குள் வருவதைப் பற்றிய சட்டம். வெளியே போவதைப் பற்றியதல்ல. யாருக்குப் பாஸ்போர்ட் தருவது, யாருக்கு மறுப்பது என்பதற்குச் சுதந்திரத்துக்குப் பிறகும் இருபது வருஷம் சட்டமே கிடையாது, அதிகாரியின் இஷ்டம். சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் 1967 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், ஐந்து நீதிபதிகளில் மூவரின் தீர்ப்பாக, வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றது. அதன் பிறகே அவசரமாகப் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு இந்த உரிமையை இன்னும் விரிவாக்கியது. முதலாமவர் மோட்டார் உதிரி பாகங்கள் வியாபாரம் செய்தவர்; இரண்டாமவர் முன்னாள் பிரதமரின் மருமகள். உரிமைகள் இப்படித்தான், வழக்காட முடிந்தவர்கள் மூலமாக வந்து சேர்கின்றன. வழக்காட முடியாதவர்களுக்காக 1983இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவன் தனியாக அனுமதி பெற வேண்டும். பின்னாளில் பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு அது தேவையில்லை என்றாயிற்று. அனுமதி தரும் உத்தியோகஸ்தரின் பெயர்: குடிபெயர்வோர் பாதுகாவலர். நூறு வருஷத்துக்கு முந்தைய அதே பதவிப் பெயர்.

எல்லாவற்றையும் விட விசித்திரமான பாஸ்போர்ட் இலங்கை மலையகத்தில் வழங்கப்பட்டது. 1948ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் அவர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்தியப் பங்கில் விழுந்தவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. பாஸ்போர்ட் என்பது போய்த் திரும்புவதற்கு. பிறந்த வீட்டை விட்டு ஒரேயடியாகப் போவதற்காகக் கொடுக்கப்பட்ட பாஸ்போர்ட்டுகள் இவை. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

நம் பிரயாண இலக்கியம் பெரும்பாலும் கப்பல் நங்கூரம் எடுத்தபின், விமானம் கிளம்பிய பின்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தின மாதங்கள், நகல் எடுத்து அத்தாட்சிக் கையெழுத்து வாங்கி, வங்கிக் கணக்கையும் நிலப் பத்திரத்தையும் சம்பளச் சான்றிதழையும் வரிசையாக அடுக்கி, ‘நிச்சயம் திரும்பி வந்துவிடுவேன்’ என்று விசா அதிகாரிக்கு நிரூபிக்கும் மாதங்கள், எழுத லாயக்கற்றவையாகக் கருதப்படுகின்றன. ஒருவன் யார் என்பதற்கு அரசாங்கம் எழுதும் வியாக்கியானம் அந்தக் கட்டில்தான் இருக்கிறது. நம் நாவலாசிரியர்கள் அதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

மொரீஷியஸில் மோக்கா என்னும் ஊரில் மகாத்மா காந்தி ஸ்தாபனம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் அங்கே சேகரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கொள்ளுப்பேரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைத் தேடி அங்கே போகிறார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிவைத்த பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அது எந்தத் தமிழ்க் கிராமமாக இருக்கும் என்று யோசிக்கிறார்கள். ஓடினால் பிடிப்பதற்காகக் குறித்துக்கொண்ட தழும்பு இருக்கிறது. அந்த மனிதனைப் பற்றி வேறு எதுவும் எவரிடமும் இல்லை.