பெரிய மாப்பிள்ளை பிறந்த கதை

கிண்டி பூங்காவில் வெளிமான் கடாக்கள் கொம்பு பின்னி முட்டிக்கொள்வதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். அதே போட்டி ரயில் நிலையத்து வாசலில், தள்ளுவண்டியில் கனிந்து வெடித்த கொய்யாவின் மேலும் நடக்கிறது. அங்கே மோதுபவை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள பழ ஈக்கள்.

ஆண் ஈ பெண்ணைத் துரத்தும், முன்னங்காலால் தட்டும், ஒற்றை இறக்கையை விரித்து அதிர வைக்கும். அதுதான் பாட்டு. பிடிக்காவிட்டால் பெண் உதைக்கும், இல்லையேல் பறந்துவிடும். ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட் 1915-லேயே ஆணின் இறக்கையை வெட்டிவிட்டுச் சோதித்தார்; இறக்கை உள்ளவனுக்கே பெண் சீக்கிரம் இணங்கியது.

உடம்பின் அளவு? 1961-இல் ஈவிங் என்ற ஆய்வாளர் அதைத் தொட்டார். 1983-இல் எடின்பரோவில் லிண்டா பார்ட்ரிட்ஜும் மரியன் ஃபார்குவாரும் ஆண் ஈக்களின் வாழ்நாள் முழுவதுமான இணைசேர்தலைக் கணக்கெடுத்தார்கள். பெரிய ஆண்களுக்கே வாய்ப்பு அதிகம். அலுக்காமல் ஈக்கு ஈ மார்பு நீளம் அளந்தவர்களின் பொறுமைக்கே தனிப் பரிசு கொடுக்கலாம்.

நம் பக்கத்துச் சான்று மைசூரிலிருந்து வந்தது. ஹெக்டேயும் கிருஷ்ணாவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பஞ்சாபின் மாலேர்கோட்லா ஊர்ப்பெயரைத் தாங்கிய ஒரு பழ ஈ இனத்தில் பெரியது பெரியதோடு சேரும் போக்கைக் கண்டார்கள்.

ஆனால் மாப்பிள்ளை பெரியவன் ஆனது அவன் திறமையால் அல்ல. கூட்டை விட்டு வெளிவந்த ஈ அதற்குமேல் வளராது. அளவு புழுப் பருவத்திலேயே முடிவாகிவிடும். ஒரே கொய்யாவில் புழுக்கள் நெருக்கியடித்தால் எல்லாமே குட்டையாகும். வெயில் கூடினாலும் உடம்பு சிறுக்கும். சென்னைக்கு இது சாதகமான செய்தியல்ல. ஆக, கூட்டமில்லாத பழத்தில் தாய் முட்டையிட்டிருந்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

பெண்ணுக்கு இதில் லாபமா? 2002-இல் பிட்னிக்கும் கார்சியா-கோன்சாலெஸும் வேறொன்றைக் காட்டினார்கள்: ஆண் பெரிதாகப் பெரிதாக, அவனோடு சேரும் பெண்ணுக்குக் கேடும் கூடுகிறது. பெரிய பெண் ஈக்களின் பாடு இன்னும் மோசம். முட்டை நிறைய இடக்கூடியவை என்பதால் ஆண்கள் அவற்றையே மொய்க்கின்றன. அந்தத் தொல்லையில் அவை இடும் முட்டை குறைந்துபோவதை 2009-இல் வந்த ஓர் ஆய்வு பதிவு செய்தது.