பயணிக்கும் வீட்டாருக்கும் ஒரு மருந்துக் கட்டுச்சோறு

முதலுதவிப் பெட்டி என்றதும் மேலை நாட்டு மருத்துவமே நம் நினைவுக்கு வருகிறது. பெட்டியின் இன்றைய வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது என்பது உண்மையே. ஆயினும், மருத்துவர் வந்து சேரும் முன் செய்ய வேண்டியவற்றைச் சாமானிய மக்களும் அறிந்திருக்க வேண்டும், அதற்கான பொருள்களை முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும் என்னும் எண்ணம் நம் வரலாற்றில் அதனினும் பன்மடங்கு பழமையானது.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முகத்தில் காயம் பட்டது. அலீ (ரலி) தமது கேடயத்தில் நீர் கொண்டுவந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) காயத்தைக் கழுவினார். நீர்பட்டுக் குருதி பெருகுவதைக் கண்டதும், பாயின் ஒரு துண்டை எரித்து, அச்சாம்பலைக் காயத்தில் வைத்து அழுத்தினார், குருதி நின்றது. இங்கு நாம் கற்க வேண்டியது சாம்பலின் மகிமையை அன்று. பதற்றமின்றிக் கவனித்ததும், ஒரு வழி பயன்படாதபோது கைக்கெட்டிய வேறு வழியை உடனே நாடியதுமே பாடம்.

இரண்டாண்டுகளுக்குப் பின் அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. அவருக்காக மதீனாவின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோரைப் பராமரித்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரம் அது என வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். தொழுகை நடக்கும் இடத்திலேயே காயத்திற்குக் கட்டுப் போடவும் இடம் ஒதுக்கிய சமூகம் நம்முடையது.

இஸ்லாமிய உலகு விரிந்தபோது பயணங்களும் நீண்டன. வணிகக் கூட்டங்களும் ஹஜ் பயணிகளும் மருத்துவர் இல்லாத பாலைவழியில் பல வாரங்கள் செல்ல நேர்ந்தது. இத்தேவைக்கு அறிஞர்கள் நூல்களால் விடை தந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பஅல்பக்கைச் சேர்ந்த கிறிஸ்தவ மருத்துவர் குஸ்தா இப்னு லூக்கா, மக்கா செல்லவிருந்த அரசு அதிகாரி ஒருவருக்காக ஒரு வழிகாட்டி எழுதினார். களைப்பு, கண்ணில் விழும் புழுதி, காதுவலி, நச்சுக்கடி, கெட்ட நீரைச் சீராக்கும் முறை, நரம்புச் சிலந்தி நோய் என ஹஜ் வழியின் இடர்களை அது பேசுகிறது. ரய் நகரின் அர்ராஸீ, 'மருத்துவர் அருகில் இல்லாதவருக்கு' என்னும் பொருள்பட்ட தலைப்பிலேயே ஒரு நூல் இயற்றினார்.

பத்தாம் நூற்றாண்டில் துனீசியாவின் கைரவானில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸார் எழுதிய நூலின் பெயர் 'ஸாதுல் முஸாஃபிர் வ கூத்துல் ஹாளிர்'. பயணிக்குக் கட்டுச்சோறு, ஊரில் தங்கியிருப்பவருக்கு உணவு என்பது அதன் பொருள். வீட்டுக்கும் வழிக்கும் ஒருசேர உதவுவது என்னும் கருத்து அத்தலைப்பிலேயே அடங்கியுள்ளது. தலை முதல் பாதம் வரையிலான நோய்களை ஏழு பகுதிகளில் அவர் வரிசைப்படுத்தினார். பதினோராம் நூற்றாண்டில் அது இலத்தீன் மொழிக்குச் சென்று, ஐரோப்பிய மருத்துவ மாணவர்களின் கையிலும் தவழ்ந்தது. ஏழை எளியோருக்கெனத் தனியே ஒரு மருத்துவ நூலையும் அவர் எழுதினார்.

இத்தகைய ஏற்பாடு இறைவன்மீதுள்ள நம்பிக்கைக்குக் குறைவாகாதா என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் தவக்குல் வைக்குமாறு கற்பிக்கப்பட்டவர்கள் நாம். ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வழிக்கு வேண்டிய பொருளைத் திரட்டிக்கொள்ளுமாறு திருக்குர்ஆனே பணிக்கிறது. தயாரிப்பும் நம்பிக்கையும் பகையல்ல.

முன்னோரின் மருந்துகளை அப்படியே இன்று கையாளலாகாது. சாம்பலும் மஞ்சளும் காயத்தில் வேண்டா. அவர்களின் முன்யோசனையே நமக்குரிய சொத்து. கிருமி நீக்கிய காஸ் துணி, சுருள்கட்டு, ஒட்டும் பிளாஸ்டர், கிருமிநாசினி, கையுறை, கத்தரிக்கோல், முள்ளெடுக்கும் இடுக்கி, வெப்பமானி, பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஆகியவை வீட்டில் குழந்தைகளின் கைக்கெட்டாத, ஆனால் பெரியவர் அனைவரும் அறிந்த ஓரிடத்தில் இருக்கட்டும். குருதி கசிந்தால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துக. தீப்புண்ணில் இருபது நிமிடம் குளிர்ந்த நீர் ஓடட்டும். பற்பசையோ எண்ணெயோ தடவற்க. காயம் பெரிதெனில் தாமதியாது 108ஐ அழைக்க.

பயணப் பையில் இவற்றுடன் அன்றாட மருந்துகளும் மருத்துவரின் சீட்டும் சேரட்டும். விமானத்தில் அவை கைப்பையிலேயே இருக்க வேண்டும், கத்தரிக்கோல் மட்டும் பெரிய பெட்டிக்குள் போகட்டும். ஹஜ், உம்ரா செல்வோர் இஹ்ராமில் நறுமணம் விலக்கப்பட்டிருப்பதை நினைவிற்கொண்டு மணமற்ற களிம்பைத் தேர்க. நெடுநடையில் கொப்புளிக்கும் பாதங்களுக்குப் பிளாஸ்டர் கூடுதலாக வேண்டும்.

ஆண்டுக்கு இருமுறை, ரமளானுக்கு முன்பும் ஹஜ் காலத்திலும், பெட்டியைத் திறந்து காலாவதியானவற்றை மாற்றுவதை நாம் வழக்கமாக்கிக் கொள்ளலாம். நம் மஹல்லாப் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் அத்தகைய பெட்டி ஒன்றும், அதைக் கையாளப் பயின்ற ஆணும் பெண்ணும் இருப்பரேல், ருஃபைதாவின் கூடாரம் நம்மிடையே மீண்டும் எழுந்ததாகும். அல்லாஹ் நம் முயற்சிக்கு அருள் புரிவானாக.