எண் சிறுத்தால் குழல் பெருக்கும்



நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் மலையடிவாரத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் கணக்கும் சரித்திரமும் கற்பித்து வந்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். அவன் தகப்பனார் பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருந்தவர். "ஐயா, எங்கள் அப்பாவிடம் இருப்பது பன்னிரண்டு போர் துப்பாக்கி. அது பன்னிரண்டு போரில் சுட்டதா?" என்று கேட்டான். வகுப்பு நகைத்தது, நானும் நகைத்தேன். ஆனால் விடை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல நாணி, "அது குழலின் அளவு, எண் ஏற ஏறக் குழலும் பெருக்கும்" என்று கூறிவிட்டேன். மறுநாள் அவன் வந்து, "ஐயா, இருபது போர் தோட்டா பன்னிரண்டைவிடச் சிறியது என்று அப்பா சொல்கிறார்" என்றான். அன்று பெற்ற நாணமே இன்றைய பேச்சுக்கு வித்து.

'போர்' என்னும் ஆங்கிலச் சொல் ஈண்டுத் துளையைக் குறிக்கும். ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம் ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை ஒன்று எக்குழலில் சரியாகப் பொருந்துமோ அக்குழல் 12 போர். இருபது உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் சிறுக்கும். ஆதலின் 20 போர்க் குழலும் சிறுக்கும். அங்குலத்தை ஆயிரம் கூறிட்டு அளக்கும் கருவி பட்டறைகளுக்கு வாராத காலம் அது. தராசோ எல்லாரிடமும் இருந்தது. எனவே நீளத்தை எடையால் அளந்தனர்.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர் இதில் ஓர் அழகைக் காணலாம். ஒரு பவுண்டு ஈயத்தை ஒரே உருண்டையாக்கினால் அதன் குறுக்களவு சுமார் 1.67 அங்குலம். எட்டு உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றின் குறுக்களவும் எட்டில் ஒரு பங்காகாது, சரிபாதியே ஆகும். எட்டின் கனமூலம் இரண்டன்றோ! இம்முறையில் 12 போர் 0.729 அங்குலம், 16 போர் 0.662, 20 போர் 0.615. பிரிட்டனில் 1868ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குழல் சோதனைச் சட்டம் இத்தகைய அளவுகளைப் பட்டியலிட்டு நிலைப்படுத்தியது.

இனி, இவ்வெண்கள் பொருள்பெற்ற களத்துக்குச் செல்வோம். இங்கிலாந்தின் கதிர் அறுத்த வயல்களிலும் ஸ்காத்லாந்தின் புதர் படர்ந்த மேட்டு நிலங்களிலும், நாயை முன்விட்டு நடந்து சென்று, காலடியில் எழும் கௌதாரியையும் கிரௌஸ் என்னும் பறவையையும் சுடுவது பழைய வேட்டை முறை. அது எல்லார்க்கும் உரியதாய் இருந்ததன்று. 1671ஆம் ஆண்டின் சட்டம் ஆண்டுக்கு 100 பவுன் நில வருவாயேனும் உடையவர்க்கே பெரும்பாலும் அவ்வுரிமையை அளித்தது. சொந்த வயலில் மேயும் கௌதாரியைச் சிறு குடியானவன் தொடுதல் குற்றம். 1831ஆம் ஆண்டின் சட்டமே அத்தகுதி விதியை நீக்கி, உரிமச் சீட்டுப் பெற்றவர்க்கு வேட்டையைத் திறந்துவிட்டது.

அக்காலத் துப்பாக்கி வாய்வழி நிரப்பப்படுவது. மருந்தைக் கொட்டி, அடைப்பை இடித்து, ரவையைப் பெய்து, மீண்டும் அடைக்கவேண்டும். குழல் எவ்வளவினதாயினும் குற்றமில்லை, அதற்கேற்ப நிரப்பிக்கொள்ளலாம். சக்கிமுக்கிக் கல்லின் பொறி புகைந்தவுடன் பறவைகள் வெருண்டு திசைமாறக் கண்ட பெல்ஹெல்வி என்னும் ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்காட்சியில் பிரெஞ்சுக்காரர் லெஃபோஷேயின் பின்புறம் திறக்கும் துப்பாக்கி வைக்கப்பட்டது. அதன் பின்னர் ஆங்கிலப் பட்டறைகளும் தோட்டாவுக்கு மாறின. தோட்டா கடையில் வாங்கும் பொருள். ஆகவே குழல் இன்ன எண் என்று அறிதல் இன்றியமையாததாயிற்று. 12 போரே பொதுவழக்காய் நிலைபெற்றது.

விரைவில் நிரப்பும் வசதி வந்ததும், ஆட்களை விட்டுப் பறவைகளை ஓட்டிவரச் செய்து, நின்ற இடத்தில் சுடும் வேட்டை செல்வரிடையே பரவிற்று. அங்கே ஒரே நாளில் பலநூறு வெடிகள்; தோளில் உதைப்பு மிகுதி; கனத்த துப்பாக்கியே அதைத் தாங்கும். நடப்பவன் நிலை வேறு. அவன் சுடுவது சிலவே. சுமப்பதோ நாள் முழுவதும். அவனுக்கு எந்த எண் ஏற்றது?

துப்பாக்கி, தான் எறியும் ரவையைப்போல் 96 மடங்கு எடை இருத்தல் நன்று என்பது பட்டறையாளர் கணக்கு. 12 போரில் வழக்கமான ரவை 30 கிராம், துப்பாக்கி 2.9 கிலோ. 20 போரில் ரவை 23 கிராம், துப்பாக்கி 2.2 கிலோ. நடைமுறையில் இவை சிறிது ஏறக்கூடும். மாலையில் மேடேறும் கைகளுக்கு இவ்வேற்றுமை நன்கு விளங்கும். ஆயின் மறுபக்கமும் உண்டு. ஆங்கில வழக்கின் 6ஆம் எண் ரவையில், முன்னதில் 287 மணிகள், பின்னதில் 219. மணி குறைந்தால் தொலைவில் இடைவெளி பெருகும். பறவை வீழாமல் காயத்தோடு பறந்து, கண்காணாப் புதரில் துன்புற்று மாயும். ஆகஸ்டில் இளங்குஞ்சுகள் அருகிலேயே எழும். அப்போது 20 போதும். பனிக்காலம் நெருங்கப் பறவை அஞ்சி எட்ட எழும். அப்போது 12 வேண்டும். இரண்டிற்கும் நடுவே 253 மணிகளுடன் 16 போர் நிற்கிறது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் அதற்குப் பெருமதிப்பு இருந்தது. சுருங்கச் சொன்னால், தன் தோளின் நலமும் பறவையின் துன்பமும் எதிரெதிர்த் தட்டில் நிற்கும் தராசு இது. இலேசான துப்பாக்கியை எடுத்தவன் எட்டப் பறப்பதைச் சுடாது விடும் அடக்கத்தையும் உடன் எடுத்துச் செல்லவேண்டும்.

எண்ணை அறியாமை உயிரையும் வாங்கும். 20 போர் தோட்டா ஒன்று தவறி 12 போர்க் குழலில் புகுந்தால், உட்சென்று சிக்கி நிற்கும். குழல் வெறுமை என்றெண்ணி, அதன்பின் 12 போர் தோட்டாவையிட்டுச் சுட்டால் குழல் பிளந்து கை சிதையும். இதனாலேயே 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. நான் அன்று வகுப்பில் சொன்ன பிழை எத்துணை ஆபத்தானது என்பதைப் பின்னர் இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

இன்று ஈயமே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. நீர்நிலையில் சிதறிய ஈய மணிகளைக் கூழாங்கல் என்று விழுங்கி வாத்துகள் நஞ்சேறி மடிந்தன. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கும், இங்கிலாந்தில் 1999 முதல் நீர்நிலைகளிலும் ஈயரவை தடுக்கப்பட்டது. மாற்றாக வந்த எஃகு இலேசானது. அதே எடைக்கு மிகுந்த இடம் வேண்டும். சிறு குழலுக்கு அது இடர்ப்பாடு. ஆகவே எண்ணைத் தேரும் பழைய வினா மீண்டும் எழுந்துள்ளது. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை வழக்கத்துக்கு முடிவு கட்டியது. எனவே, மாணவர்களே, இப்பேச்சு உங்களை வேட்டைக்கு அழைப்பதன்று. ஓர் எண்ணுக்குள் எத்துணைச் சரித்திரம் அடங்கும் என்று காட்டுவதே. ஈயம் விலகினாலும், குழலின் எண் இன்னும் ஈய உருண்டைகளையே எண்ணிக்கொண்டிருக்கிறது.

அந்த மாணவனிடம் மறுநாள் வகுப்பறியவே, "நான் சொன்னது தவறு, உன் தந்தையார் சொன்னதே சரி" என்றேன். அன்று எவரும் நகைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை, ஆசிரியப் பயிற்சியில் கற்றதினும் அவனிடமே நான் நன்கு கற்றேன்.