மின்கலம் ஓய்வதற்கு முன்: டிஎக்ஸ்7 ஒலிகளைக் கணனிக்குக் கொண்டுவருதல்

1983இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் வெளியிட்ட டிஎக்ஸ்7 சின்தசைசர், எண்பதுகளின் பொப் இசைக்கு அடையாளமான ஒலிகளைத் தந்தது. கண்ணாடி போல் துலங்கும் மின்பியானோவும் மணியோசையும் அவற்றுள் அடங்கும். இன்று அவை மடிக்கணனியிலேயே கிடைக்கின்றன. ஆனால் தனிக் கலைஞர்கள் உருவாக்கிய ஒலிகள் பல, பழைய கருவிகளோடு சேர்ந்து அழியும் நிலையில் உள்ளன.

இவ்வொலிகளின் அடிப்படை எஃப்எம் எனப்படும் மீடிறன் பண்பேற்றம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இல் இதனை இசைக்குப் பயன்படுத்தும் வழியைக் கண்டறிந்தார். ஓர் அலையின் மீடிறனை இன்னோர் அலையால் மிக வேகமாக அசைத்தால், நடுக்கத்துக்குப் பதிலாகப் புதிய ஒலிநிறம் கேட்கும். இரண்டின் விகிதமும் எளிய முழு எண்களாக இருந்தால் ஒலி சுருதியோடு இசையும். இல்லையேல் மணியோசையை ஒத்திருக்கும்.

டிஎக்ஸ்7இல் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஆறு அலையாக்கிகள் உண்டு. அவற்றை இணைக்க 32 முறைகள் உள்ளன. விசையை அழுத்தமாகத் தட்டும்போது ஒலி உரப்பதோடு நின்றுவிடாமல், அதன் நிறமும் கூர்மையாகும்படி அமைக்கலாம். ஒலிப்பதிவுத் துண்டுகளால் இதனை முழுமையாகப் பிரதிசெய்வது கடினம். அதனாலேயே மென்பொருட்கள் கணக்கீட்டையே மீளச் செய்கின்றன. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஃப்எம்8, ஆர்டூரியாவின் டிஎக்ஸ்7 வி ஆகியன கட்டணத்துக்குரியவை. டெக்ஸ்ட் என்பது இலவசமான திறந்த மூல மென்பொருள். பழைய கருவியின் கரகரப்பை ஒத்த ஒலிக்கு அதில் 'மார்க் 1' என்ற தெரிவும் உண்டு.

டிஎக்ஸ்7இன் உள்நினைவகம் 32 ஒலிகளைக் கொள்ளும். மின்சாரம் இல்லாதபோது அவற்றைக் காப்பது உள்ளே பற்றவைக்கப்பட்ட சிறு மின்கலமே. அது ஓய்ந்தால் ஒலிகளும் போய்விடும். தொழிற்சாலை ஒலிகளை இணையத்தில் மீளப் பெறலாம். ஒருவர் இரவிரவாக இருந்து அமைத்த ஒலிக்கு வேறு பிரதி இருக்காது.

ஆகவே இக்கருவி யாரிடமேனும் இருந்தால், மின்கலத்தை மாற்றுவதற்கு முன்னரே நினைவகத்தைப் பிரதியெடுக்க வேண்டும். மிடி இடைமுகம் ஒன்றின் மூலம் கருவியைக் கணனியோடு இணைத்து, 32 ஒலிகளையும் ஒரே கோப்பாக அனுப்பலாம். அதன் அளவு 4,104 பைட்டுகள் மட்டுமே. அந்தக் கோப்பை டெக்ஸ்டில் திறந்தால், கலைஞர் இட்ட பத்தெழுத்துப் பெயர்களோடு அவ்வொலிகள் மீண்டும் ஒலிக்கும். கோப்பை இரண்டு இடங்களிலாவது சேமித்து வைப்பது நல்லது.