உறக்க மூச்சுத்தடையும் பகல்நேரத் தூக்கமும்

எட்டு மணி நேரம் உறங்கியும் பகலில் கண் அயர்கிறீர்களா? அது சோம்பலாக இல்லாமல், ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

பகலில் தூக்கம் வருவது ஏன்?
உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. இந்நோய் உள்ளவர்களுக்கு அப்போது மூச்சுப்பாதை அடைபட்டு, 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு தடைப்படுகிறது. உடனே மூளை சற்று விழித்து மூச்சை மீட்கிறது. கடுமையான நிலையில் இது மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேலும் நிகழும். காலையில் இவ்விழிப்புகள் நினைவில் இருப்பதில்லை. ஆயினும் ஆழ்ந்த உறக்கம் கிடைப்பதில்லை.

விளைவுகள்
கவனக்குறைவு, மறதி, எரிச்சல், காலைத் தலைவலி ஆகியவை ஏற்படலாம். வாகனம் ஓட்டுவோருக்கு ஆபத்து மிகுதி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது 3 விநாடி கண் அயர்ந்தால், வாகனம் 50 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?
• உரத்த குறட்டையுடன் பகலில் அடிக்கடி தூக்கம் வந்தால்
• உறக்கத்தில் உங்களுக்கு மூச்சு நின்று திணறுவதை வீட்டினர் கண்டால்

அதைக் கண்டவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் அறியாததை அவரே கூற முடியும். உறக்கப் பரிசோதனை மூலம் நோய் உறுதிசெய்யப்படும்.

சிகிச்சை
உடல் பருமன் இருப்பின் எடையைக் குறைத்தல், மதுவைத் தவிர்த்தல், ஒருக்களித்துப் படுத்தல் ஆகியவை உதவும். தேவைப்படுவோருக்கு, காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவி பரிந்துரைக்கப்படும். மருத்துவர் ஆலோசனையின்றித் தூக்க மாத்திரை உட்கொள்ளாதீர்கள். பகல்நேரத் தூக்கம் கட்டுப்படும்வரை வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும்.